மாமியாரின் வாயிலிருந்து வந்த சொல்

நில அதிர்ச்சி நின்ற பிறகுதான் அந்தக் குரல் கேட்டது. "தபாங்கி அகோ! நெனித்தா, தபாங்கி அகோ!"

மேசைக்கடியில் கிடந்த நெனித்தா தலையைத் தூக்கினாள். காப்பாத்து என்கிறாள் யாரோ. அதுவும் தன் ஊர் வாராய் மொழியில். மணிலாவின் இந்தச் சந்தில் தன்னைத் தவிர அதைப் பேசுகிறவர் எவருமில்லை.

சமையலறைக்கு ஓடினாள். சரிந்த பாத்திர அலமாரியின் கீழே மாமியார் ரொசௌரா.

"அசையாதீங்க அத்தை!" நெனித்தாவுக்கும் சமர் தீவின் வாராய்தான் வந்தது.

"கால் போச்சுடி! அந்தப் பக்கமாத் தூக்கு!" கிழவியும் அதிலேயே கத்தினாள், கொஞ்சமும் தடுமாறாமல்.

இந்த ரொசௌராதான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, "வேலைக்காரிங்க பாஷைய வாசல்லயே விட்டுட்டு வா" என்று ஏசியவள். பேத்தி ஒரு வாராய்ச் சொல்லைச் சொன்னதற்கு வாயிலேயே அடித்தவள்.

அக்கம்பக்கத்தார் அலமாரியைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்ட பின், மகன் அர்னுல்போ கட்டிலருகே நின்றான்.

"நாம புலகான் மாகாணத்துக்காரங்க, பரம்பரையாத் தகாலோக் பேசுறவங்கன்னுதானே சொன்னீங்கம்மா?"

"உங்கப்பா புலகான். நான் பசேய். சமர்ல." ரொசௌரா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "பதினஞ்சு வயசுல இங்க வீட்டு வேலைக்கு வந்தேன். நான் வாயத் தொறந்தாலே முதலாளியம்மா விருந்தாளிங்களக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பா. அப்பறம் அந்தப் பாஷையே எனக்கு வேணாம்னு விட்டேன். ஊரும் வேணாம்னு ஆயிடுச்சு, கடுதாசி போடறதையும் நிறுத்திட்டேன்."

"அதுக்கு என் பிள்ளை வாயில அடிப்பீங்களா?" நெனித்தா வெடித்தாள். அர்னுல்போ வராந்தாவுக்குப் போய்விட்டான்.

நெனித்தாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் கேட்டாள்: "ஊர்ல யாரு இருக்கா?"

"தம்பி. பொனிபாசியோ. இருக்கானோ என்னவோ."

பசேயில் நெனித்தாவின் சித்தி மகள் மீன் விற்கிறாள். அவளைப் பிடித்து, மறுநாளே பொனிபாசியோவின் எண்ணை வாங்கிவிட்டாள். கட்டிலருகே உட்கார்ந்து ஒலியைக் கூட்டி வைத்து அழைத்தாள்.

"ரொசௌராவா?" கிழவரின் குரல் எரிச்சலாக வந்தது. "யாரும்மா நீ? எங்கக்கா செத்து எத்தனையோ வருஷமாச்சு. மணிலாவுலேர்ந்து வந்த கப்பல் முழுகினதுல போயிட்டா. ஒம்பது நாள் ஜெபமும் முடிச்சோம். கல்லறைத் திருநாளுக்கு இன்னமும் அவ பேருக்கு மெழுகுவத்தி ஏத்துறோம்."

ரொசௌரா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நெனித்தாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"பொனி, நான்தான்டா. உனக்கு நீச்சல் பழக்கினேனே, நான்தான்."

மறுமுனையில் அந்த முதியவர் குழந்தையைப் போல விம்மி அழும் சத்தம் கேட்டது. ரொசௌராவும் அழுதபடி வாராயில் மடமடவென்று பேசத் தொடங்கினாள்.

அர்னுல்போ கதவோரம் வந்து நின்றிருந்தான். தன் தாய் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவனுக்கு விளங்கவில்லை.