கொட்டாங்குச்சி ஐஸ்

நஃபீசா கோழிக்கறி ஆக்கினால் தெரு முனையில் போகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் போவான். அப்பேர்ப்பட்ட கைப்பக்குவக்காரி அந்தக் கோடையில் தினமும் ஒரு சட்டி சாறு வைத்தாள். அதில் உப்பு இல்லை, வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, ஒரு மிளகுகூட இல்லை. எலும்பெடுத்த நெஞ்சுக்கறி நாலு துண்டு, ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

அவள் புருஷன் கலந்தர் மூடியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன கண்ராவி இது? ஆஸ்பத்திரிக் கஞ்சி தேவலாம்போல."

"ஒங்களுக்கில்லங்க. சுக்குக்கு."

அவர் மூடியை வைத்துவிட்டுப் போனார்.

சுக்கு அவர்களுடைய தென்னந்தோப்பைக் காவல் காக்கிற நாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் ஜாபிர் முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த குட்டி. காவலுக்கென்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டுப்படி ஏறக்கூடாது என்று நஃபீசா அன்றைக்கே சொல்லிவிட்டாள். நாய் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அந்தத் தொல்லை யாருக்கு வேண்டும்? பன்னிரண்டு வருஷம் சோறு போட்டாள், ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. ஜாபிர் கத்தாருக்குப் போய் நாலு வருஷமாகிறது. போனில் உம்மாவிடம் சலாம் சொன்ன கையோடு அவன் கேட்கிற அடுத்த கேள்வி, சுக்கு எப்படி இருக்கான் என்பதுதான்.

சுக்கு சாப்பிடாமல் சுருண்டு படுத்ததும், தோப்பில் தேங்காய் பறிக்கிற காத்தான்தான் தன் லோடு ஆட்டோவில் ஏற்றி ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நஃபீசாவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஜீவிதா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரெண்டு கிட்னியும் போயிருச்சும்மா. கொணமாக்க முடியாது. தண்ணி உள்ள போய்க்கிட்டே இருந்தா கொஞ்ச நாள் தள்ளலாம்."

"இருவத்தெட்டு நாளு தள்ளுனாப் போதும் டாக்டர். பதினெட்டாந்தேதி எம்புள்ள லீவுல வர்றான். அவன் ஒரு தடவ பாத்துட்டான்னா போதும்."

டாக்டர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. வாய் குமட்டுகிற நாய் தண்ணீரைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் ஐஸை நக்கும் என்றாள். உப்பில்லாத சாற்றை வடிகட்டி, கொழுப்பை எடுத்துவிட்டு, ஐஸாக்கிக் கொடுக்கச் சொன்னாள். "எளநி மட்டும் கூடவே கூடாதும்மா, கெட்டுப்போன கிட்னிக்கு ஆகாது," என்றாள். இருநூறு தென்னைக்குச் சொந்தக்காரி அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

எதில் உறைய வைப்பது? பாத்திரத்தில் வைத்தால் நாய் நக்கும், பிறகு ஏழு கழுவல். நஃபீசா கொஞ்ச நேரம்தான் யோசித்தாள். தோப்பில் கிடைக்காத கொட்டாங்குச்சியா? கண்ணில்லாத பாதியாகப் பார்த்துப் பொறுக்கி, நாரைச் சுரண்டி, வெந்நீரில் அலசி, சாற்றை ஊற்றி வரிசையாக ஃப்ரீசரில் அடுக்கினாள். நக்கி முடித்ததும் தூக்கி அடுப்பில் போட்டால் தீர்ந்தது வேலை.

முதல் நாள் சுக்கு மோந்து பார்த்தான். நஃபீசா பத்தடி தள்ளி நின்று, "நக்குடா, ஒனக்குத்தான்டா, என்னமோ வெஷத்த வச்ச மாதிரி பாக்குற," என்று திட்டினாள். அவன் நாக்கை நீட்டினான். நக்க நக்க ஐஸ் வழுக்கிக்கொண்டு ஓட, அவனும் கொட்டாங்குச்சியைத் துரத்திக்கொண்டு வேலி வரைக்கும் போனான். அல்லாவே, அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு! உடனே வீடியோ எடுத்து ஜாபிருக்கு அனுப்பினாள்.

ஏன் ஐஸ் என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தத் தெருவில் யாருமே சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு ஒருவன் அக்கரையில் இருக்கிற தெரு அது. அங்கே வெயிலில் வேகிற பிள்ளைக்கு இங்கே இருக்கிற காய்ச்சலைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லாம் முடிந்த பிறகு, பக்குவமாக, கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். அதற்குப் பாசம் என்று பேர். பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது?

வீடியோவைப் பார்த்துவிட்டு ஜாபிர் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க உம்மா நாயத் தொடவே மாட்டாங்கன்னு சொல்லுவேன்ல, இப்ப அதுக்கு ஐஸ் போட்டுக் குடுக்குறாங்கடா," என்று ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினானாம். அதற்குப் பிறகு தினமும் ஒரு வீடியோ கேட்டான். சுக்கு படுத்தே கிடந்த நாள்களில் அவள் பழைய வீடியோவை அனுப்பினாள்.

பதினோராவது நாள் அவன் ஒரு விஷயம் கேட்டான்.

"உம்மா, எங்கூட வேல பாக்குற பாசித்தோட தங்கச்சி கல்யாணத்த முன்னாடி வச்சுட்டாங்களாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு தர மாட்டாங்க. என் லீவ அவனுக்கு விட்டுக்குடுத்துட்டு, ஒரு மாசம் கழிச்சு வரவா? சுக்குக்கு வயசாயிருச்சே, அதான் யோசிக்கிறேன். அவன் நல்லாத்தானே இருக்கான்?"

இதைவிட நேராக ஒருவன் எப்படிக் கேட்பான்? சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாயைப் பற்றிச் சொன்னால் பிள்ளை அங்கே சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பானே என்று நினைத்தாள். ஃப்ரீசரில் வரிசையாக இருந்த கொட்டாங்குச்சிகளையும் நினைத்தாள். இருபத்தெட்டு நாள் தள்ளுகிறவளுக்கு இன்னும் ஒரு மாதம் தள்ள முடியாதா என்ற அசட்டுத் தைரியம்.

"அவனுக்கென்ன, கல்லுமாரி இருக்கான். நீ அந்தப் புள்ளக்கி விட்டுக்குடுப்பா," என்றாள்.

அன்றிலிருந்து அவள் படாத பாடு பட்டாள். மத்தி மீனை முள்ளெடுத்துச் சாறு வைத்துப் பார்த்தாள். டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுப் பூசணியை மசித்துச் சேர்த்தாள். மூன்று வேளை ஐந்து வேளையானது. ஒவ்வொரு தொழுகையிலும் பிள்ளைக்குக் கேட்ட துஆவோடு நாய்க்கும் ஒன்று கேட்டாள். பதினெட்டாம் தேதி வந்தது. பாசித் ஊருக்கு வந்து சேர்ந்தான். சுக்கு வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு அரைக் கொட்டாங்குச்சி ஐஸை நக்கினான். நஃபீசாவால் அதைப் பார்க்கவே முடியவில்லை, உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவன் நாக்கை நீட்டவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்தது. அவள் கொட்டாங்குச்சியைத் தரையில் தட்டி, உடைந்த ஒரு ஐஸ் சில்லை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உதட்டில் தன் விரலாலேயே வைத்தாள். ஐஸ் அவள் விரலிலேயே கரைந்து கடைவாயில் வழிந்தது. இன்னொரு கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு மெத்தென்று இருப்பானென்று அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் இதைக்கூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அழுதாள். ஒன்பது மணி இருக்கும், மூச்சு நின்றுவிட்டது.

பம்புசெட்டில் மண்ணைப் போட்டுக் கையைக் கழுவினாள். நாலு வரைக்கும் எண்ணினாள். பிறகு அழுகையில் கணக்கு விட்டுப்போய்த் தண்ணீரிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கலந்தரும் காத்தானும் தோப்போரமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை, ஜாபிருக்கு விடுமுறை. பதினோரு மணிக்கெல்லாம் அவனே வீடியோ கால் போட்டான்.

"சுக்குவக் காட்டுங்க உம்மா."

இனி எதை அனுப்புவது? சொன்னாள். முழுக்கச் சொன்னாள், எதையும் குறைக்கவில்லை.

அவன் விரல் விட்டு நாள் எண்ணினான். பிறகு மெதுவாக, "அப்ப பதினெட்டாந்தேதி உசுரோட இருந்திருக்கான்," என்றான்.

"ஆமாம்பா."

"நான் கேட்டேன்ல உம்மா?"

"நீ அங்க கெடந்து தவிப்பியேன்னுதான்…"

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை. முகம் மட்டும் எப்படியோ ஆயிற்று.

"வாப்பா எங்க?"

"வாய்க்கால்ல கால் கழுவிக்கிட்டு இருக்காங்க."

"காட்டுங்க."

"நல்லாத்தாம்பா இருக்காங்க."

"காட்டுங்க உம்மா."

அவள் போனைத் திருப்பினாள். மண்வெட்டியும் கையுமாகக் கரையேறிய கலந்தர் போனைப் பார்த்து, "என்னடா?" என்றார்.

"வாப்பா, அந்த மம்முட்டியக் கீழ வச்சுட்டுக் கொஞ்சம் நடந்து காட்டுங்க."

"என்னது?"

"நடங்க வாப்பா. நான் பாக்கணும்."

யார் சொல்லுக்கும் கட்டுப்படாத மனுஷன் அவர். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். வாய்க்கால் கரையிலிருந்து தென்னை வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார்.

"போதுமாடா?"

"ரெண்டு கையையும் தூக்குங்க."

கலந்தர் சேறு காயாத இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார். பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான். போனைப் பிடித்திருந்த நஃபீசா, "அல்லா மேல ஆணையா நல்லா இருக்காங்க ஜாபிர்," என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.