வேண்டாம் என்பவர் முதலில்

என் பூசணிக்காயைக் களவெடுத்தவன் அன்றைக்குக் கையில் அகப்பட்டிருந்தால் அந்தக் காயாலேயே அவன் மண்டையை உடைத்திருப்பேன். கிழக்கு இலண்டன் பிளேஸ்டோவில் எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் உள்ள பொதுத் தோட்டத்தில் அது காய்த்து, பெருத்து, மஞ்சள் பிடித்து, சனிக்கிழமை வெட்டலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை போனால் காம்பு மட்டும் கிடக்கிறது. தோட்டத்துக் கேற்றுக்குப் பூட்டுப் போடாமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அந்தக் கேற்றுக்கு ஒருநாளும் பூட்டு இருந்ததில்லை. லெஸ்லி இருக்கும்வரை அந்தப் பேச்சை எடுக்க யாரும் துணிந்ததுமில்லை. லெஸ்லி போன குளிர்காலத்தில் இறந்துபோனார்.

கரீபியன் தீவான கிரெனடாவில் பிறந்து, சிறு வயதில் தாயோடு இங்கே வந்து, பஸ் ஓட்டிப் பென்ஷன் எடுத்தவர். கறுப்பினப் பிள்ளைகளைப் பொலிஸ் தெருத்தெருவாக மறித்து உலைத்த காலத்தில் கூட்டம், ஊர்வலம் என்று அலைந்தவர். சேர்ச் மண்டபமொன்றில் அந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். பாழடைந்த கராஜ்கள் கிடந்த இந்த நிலத்தை அயலவர்களோடு சேர்ந்து ஒருவரையும் கேட்காமல் கொத்தத் தொடங்கியவரும் அவர்தான். கவுன்சில் அனுமதி பிறகு ஆறுதலாக வந்தது. "எங்கட முகத்தில அடிச்சுச் சாத்தின கதவுகள் போதாதா? நாங்களும் போய் ஒரு பூட்டு வாங்க வேணுமா?" என்பார். சொன்னது இங்கிலிஷில்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் தமிழாகத்தான் கிடக்கிறது.

மனிதரை மனிதர் அதட்டி ஆளுகிற இடத்தில் மண்ணும் உருப்படாது என்பது அவருடைய கட்சி. எங்கோ காட்டை அழித்தான், ஆற்றைக் கெடுத்தான் என்று செய்தி வந்தால், "அவன் அதை முதலில மனிசரிலதான் பழகியிருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதனால் எங்கள் தோட்டத்துக்குத் தலைவர் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு ப்ளம் மரத்தடியில் கூட்டம். சுற்றியுள்ள தெருக்களில் குடியிருக்கும் எவரும் வரலாம், கை உயர்த்தலாம். ஒரு செடி நட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எந்த விஷயமானாலும் வேண்டாம் என்பவர்தான் முதலில் பேசுவார். வேண்டாம் என்று சொல்ல ஒருவருமே இல்லாவிட்டால் லெஸ்லிக்குப் பயம் பிடித்துவிடும். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, வெள்ளை அவரை விதைகளோடு ஒரு கறுப்பு விதையையும் போட்டுக் குலுக்குவார். கறுப்பு எடுத்தவர், மனதில் என்ன இருந்தாலும், வேண்டாம் என்ற பக்கம் நின்று பேசியாக வேண்டும். பேசிய பிறகு விரும்பியபடி வாக்களிக்கலாம். எடுத்த முடிவையும் பருவம் மாறினால் யாரும் திரும்பக் கொண்டுவரலாம்.

கனகலிங்கம் அண்ணைக்கு இந்த முறை லேசில் பிடிபடவில்லை. கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் என்று பழகிய மனிதர். தலைவர், செயலாளர், பொருளாளர் இல்லாத கூட்டத்தில் அவருக்கு மூச்சு முட்டும். முதல் கூட்டத்துக்குப் பொன்னாடையோடு வந்து லெஸ்லியின் தோளில் போர்த்தினார். லெஸ்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குளிருக்கு நல்லது என்று அதை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நேரே உரம் கிளறப் போய்விட்டார். சரிகை முழுக்கக் குதிரைச் சாணம். அண்ணை ஒரு மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். அந்தப் பொன்னாடை பிறகு பல வருஷம் பட்டாணிக் கொடிகளைக் குருவிகளிடமிருந்து காத்தது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிடுகிறது.

சரி, பூட்டுக்கு வருகிறேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். தக்காளி பறிகொடுத்தவர், மண்வெட்டி பறிகொடுத்தவர், ஒருவரையும் விடவில்லை. லெஸ்லியின் பழைய சிநேகிதர்களையும் பிடித்து, அவர் இருந்த காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்றேன். என் வாய்க்கு முன்னால் யார் நிற்பது? செப்டெம்பர் கூட்டத்துக்கு நான் வென்றவளாகத்தான் போனேன்.

அன்று கூட்டத்தை நடத்தும் முறை கனகலிங்கம் அண்ணையின் மகள் தர்மிகாவுக்கு. பூட்டு வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டாள். ஒரு கையும் எழவில்லை. அவள் கொட்டிலுக்குள் போய் லெஸ்லியின் தொப்பியை எடுத்துவந்து நீட்டினாள். அவரவர் கை விட்டு எடுத்தோம். என் உள்ளங்கையில் கறுப்பு விதை.

ப்ளம் மரத்தடி சிரிப்பால் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். முறைக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் எழும்பினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் நான் இங்கே வந்த முதல் நாளைச் சொன்னேன்.

அப்போது எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. என் கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துவிட்டு வந்து நித்திரை கொள்வார். எனக்குப் பேச ஆளில்லை, பேசப் பாஷையும் இல்லை. டொக்டரிடம் போனாலும் பேப்பர், வகுப்பில் சேரப் போனாலும் பேப்பர் கேட்டார்கள். ஒரு நாள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் இறங்கி நடந்து இந்தக் கேற்றைச் சும்மா தள்ளினேன். திறந்துகொண்டது. உள்ளே ஒரு பாத்தி நிறைய முளைக்கீரை. இலண்டனில், தண்டு சிவந்து, மதமதவென்று. அதன் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். கத்தியோடு ஒரு நெடிய மனிதர் வந்தார். நான் பயந்து எழும்ப, அவர் ஒரு பிடி கீரையை வெட்டி என் கையில் தந்து, கலலூ என்றார். கரீபியன் பக்கத்துச் சனம் அதற்குச் சொல்லும் பெயர். என்னிடம் பெயர் கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்கவில்லை. இதை எப்படிச் சமைப்பாய் என்று கேட்டார். தேங்காய் துருவுவதுபோல் கையால் செய்து காட்டினேன். தன் தாயும் அப்படித்தான் என்று அவரும் துருவிக் காட்டினார். அடுத்த ஞாயிறு என்னைக் கூட்டத்தில் இருத்தி, உனக்கும் ஒரு வாக்கு என்றார். "எனக்கா?" என்று கேட்டேன். இந்த நாட்டில் நான் போட்ட முதல் வாக்கு, தண்ணீர்ப் பீப்பாயை எந்த மூலையில் வைப்பது என்பதற்கு.

"அண்டைக்கு இது பூட்டிக் கிடந்திருந்தால்," என்று தொடங்கினேன். கேற்றைக் கையால் காட்டினேன். "திரும்பிப் போயிருப்பன். பிறகு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டன்."

வாக்கெடுத்தார்கள். பூட்டு வேண்டாம் என்று என் கையை உயர்த்தினேன். தர்மிகாவும் உயர்த்தினாள். அவ்வளவுதான். பூட்டு வேண்டும் என்றபோது ஒரு தோட்டமே கை உயர்த்தியது.

கனகலிங்கம் அண்ணை பக்கத்தில் வந்தார். "என்ன தங்கச்சி, வீடு வீடா வந்து எங்களைச் சம்மதிக்க வைச்சது நீர்தானே? இப்ப நீரே வேண்டாமெண்டுறீர்."

"அப்ப எனக்குப் பூசணிக்காய் மட்டும்தான் கண்ணில தெரிஞ்சது, அண்ணை."

"உம்மட பேச்சு நல்லாத்தான் இருந்தது. எனக்கும் ஒருமாதிரிப் போச்சுது. ஆனா என்ர மண்வெட்டியும் போச்சுதல்லோ?"

நான் சொல்லிக் கேட்காத சனம் பூட்டு வேண்டும் என்ற இந்த ஒன்றை மட்டும் இப்படிக் கேட்டுவைத்திருக்கிறதே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பூட்டு வந்தது, ஆளுக்கொரு சாவியும் வந்தது. லெஸ்லியும் எத்தனையோ கூட்டத்தில் தோற்றிருக்கிறார். தோற்ற மறுநாள் முதல் ஆளாக வந்து கொத்துவார். நானும் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. போனேன், உள்ளே நுழைந்தேன், தீர்மானத்தின்படி பின்னால் பூட்டினேன்.

இலை உதிரத் தொடங்கியிருந்த ஒரு காலையில், கடைசிக் கீரையை வெட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கேற்றைத் தள்ளும் சத்தம் கேட்டது. தலையில் முக்காடிட்ட ஓர் இளம் பெண், தள்ளுவண்டியில் குழந்தை. வெளியே நின்று, கம்பியைப் பிடித்தபடி, தட்டுத்தடுமாறிய இங்கிலிஷில் கேட்டாள். "இது பிரைவேட்டா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை இங்கே ஒருவரும் கேட்டதில்லை.

"இல்லை," என்று சாவியைத் தேடினேன். புதுப் பூட்டு லேசில் திறக்கவில்லை. உள்ளே வந்தவள் நேரே கீரைப் பாத்திக்குப் போய், அதைத் தொட்டு, ஒரு பெயர் சொன்னாள். எனக்குத் தெரியாத பெயர். ஒரு பிடி வெட்டிக் கொடுத்து, எப்படிச் சமைப்பாய் என்று கேட்டேன். உள்ளிப்பூண்டு நறுக்குவதுபோலவும் சின்ன இறால் உரிப்பதுபோலவும் செய்து காட்டினாள். வீடு எங்கே என்றேன். அடுத்த தெருவைக் காட்டினாள்.

"வாற ஞாயிறு இஞ்ச கூட்டம்," என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். "இந்தப் பூட்டைப் பற்றித் திரும்பக் கதைக்கப் போறன். நீயும் வா. உனக்கும் ஒரு வாக்கு இருக்கு."

அவள் கீரையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கா?" என்றாள்.