என் நெஞ்சு எக்ஸ்ரேல மறைப்பு

1

இந்தக் கதை பொறந்ததுக்குக் காரணம் என் போன். காலைல நம்ம குடும்ப குரூப்ல, இங்க நான் ஆராய்ச்சி பண்ற கேலக்ஸி பத்தி, வாயால பேசி டைப் பண்ணேன்: "என் ஏஜிஎன் எக்ஸ்ரேல மறைப்பு கூடியிருக்கு, ரெண்டு வருஷம் முன்ன இவ்வளவு இல்ல." போன் எழுதுனது: "என் நெஞ்சு எக்ஸ்ரேல." பார்க்காம அனுப்பிட்டேன். கூடவே சிரிச்ச மூஞ்சி ஒண்ணு. (எனக்கு அது கண்டுபிடிச்ச சந்தோஷம். அம்மாவுக்கு, புள்ள தைரியமா நடிக்கிறான்.)

அம்மா உடனே பவானிபூர்ல என் வீட்டுக்கார ஜலஜா மாமிக்கு போன் போட்டு, பையன் இருமுறானான்னு கேட்டாங்க. டிசம்பர் மாசம் கல்கத்தால இருமாதவன் யாரு? மாமி ஆமான்னுட்டாங்க.

இப்ப அம்மாவும் மஹிமா அக்காவும் சென்ட்ரல்ல, கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி வர்ற வண்டில ஏறி உக்காந்தாச்சு. நான் போன்ல கத்திப் பார்த்தேன். அக்கா சொன்னா: "குமரு, நீ வாயால சொன்னா அம்மா நம்ப மாட்டாங்கடா. முழுசா எழுதி அனுப்பு, படிச்சுக் காட்டறேன். நம்பினா இறங்கிடறோம்."

2

ஆரம்பம் ஒண்ணு: அண்டவெளியின் ஆழத்தில் ஒரு மர்ம—

(வேணாம். அம்மா அழுதுடுவாங்க.)

ஆரம்பம் ரெண்டு: அம்மா, ஒரு கேலக்ஸி நடுவுல பெரிய கருந்துளை ஒண்ணு சாப்பிட்டுக்கிட்டே இருக்கு. அதுக்குத்தான் நெஞ்சுன்னு பேரு.

(பாருங்க, மறுபடியும். மேல 'ஏஜிஎன்'ன கையால திருத்தினேன். இனிமே 'அது'.)

அது திங்கறப்ப, பக்கத்துலேருந்து எக்ஸ்ரே கிளம்பும். இப்ப அதுல வலு கம்மியானது வரல, வலுவானது மட்டும் வந்துட்டே இருக்கு. அப்ப அது மங்கிப் போகல. குறுக்க ஏதோ வாயு மேகம் போகுது. நான் இங்க உக்காந்து பார்க்கறது அந்த மேகத்தத்தான். பல கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கு. எனக்கு இருமல் மட்டும்தான்.

3

இந்தக் கதைல ஒரு பாத்திரம் மேல எனக்கு சந்தேகம். என் மேலதான். இவ்வளவு தெளிவா எழுதினா அம்மா நம்பிடுவாங்களே? இறங்கிடுவாங்களே?

காலைலயே வராதீங்கன்னு போன்ல கத்தினவன், வச்ச கையோட கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய் ரெண்டு பெட்ஷீட் வாங்கினான். மாமிகிட்ட தலகாணி கேட்டான். ரெண்டு வருஷமா யாரும் இங்க வரல. சும்மா வாங்கம்மான்னு கூப்பிட இவனுக்கு வாய்—

4

முடிவு ஒண்ணு: அனுப்பறேன், இறங்கறாங்க.

முடிவு ரெண்டு: அனுப்பல. அம்மா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருவாங்க. அவ்வளவு கெட்டவன் இல்ல நான். (கிட்டத்தட்ட.)

முடிவு மூணு அக்கா கைல. வண்டி கிளம்ப ஆறு நிமிஷம் இருக்கு. அக்கா, நீ எதையும் முதல்ல மனசுக்குள்ள படிச்சுப் பார்ப்பன்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டு, ஒரு வரி விடாத.

மெதுவாப் படி.