டிக்கியில் மூன்று மூடை அரிசி

பனி என்று யாராவது வாய் திறந்தால் போதும், யோகலிங்கம் நோர்வேக்குப் போய்விடுவார். வடக்கு நோர்வேயில் பன்னிரண்டு வருடம் மீன் தொழிற்சாலை வேலைக்குத் தினமும் கார் ஓடிய மனிதர் அவர். லண்டனில் இரண்டு அங்குலம் கொட்டினாலே பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறார்களே என்று, தான் வேலை செய்யும் டூட்டிங் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களைப் பிடித்துவைத்துச் சிரிப்பார். சாமான் வாங்க வந்த சனமும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரிக்கும்.

2009 பெப்ரவரி இரண்டாம் திகதி, திங்கட்கிழமை, அந்த வீறாப்புக்குச் சோதனை வந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் கணுக்காலை மூடுகிற அளவுக்குப் பனி. பஸ் ஒன்றும் ஓடவில்லை. ரெயில் இல்லை. மினிகாப் எனும் வாடகைக் கார்க்காரர்கள் போனையே எடுக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அவரும் மனைவி சிவரூபினியும் பன்னிரண்டரை மணிக்குள் ஏழு மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். வெள்ளிக்கிழமை சிவரூபினியிடமிருந்து ஆறு முட்டை எடுத்தார்கள். ஒன்றுதான் கருவாகி வளர்ந்திருந்தது. அந்த ஒன்றை இன்று அவளுக்குள் வைக்க வேண்டும். காலையில் ஆஸ்பத்திரித் தாதி போனில் கூப்பிட்டு, டொக்டர் நடந்தே வந்துவிட்டார், ஒரு மணிக்கு மேல் நிற்கமாட்டார், எப்படியாவது வந்துவிடுங்கள் என்றாள். இன்னொரு முறை இலவசமாகச் செய்யமாட்டார்கள். சொந்தச் செலவில் செய்வதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

இந்தச் சங்கதி ஒரு குருவிக்கும் தெரியாது. கடையில் பல்லு டொக்டரிடம் போவதாகத்தான் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக் கமலாம்பிகைக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் அவருடைய சிநேகிதி கல்யாணிக்குத் தெரியும், அதற்கடுத்த நிமிடம் லண்டனின் மறுகோடி வால்தம்ஸ்டோ வரைக்கும் தெரியும். ஒன்பது வருடமாக மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து "ஏதும் விசேஷமோ பிள்ளை?" என்று கேட்டுவருகிற மனுஷி. அந்த வாயில் இந்தக் கரு விழக்கூடாது, நாவூறு பட்டுவிடும் என்று சிவரூபினி பயந்தாள்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார் யோகலிங்கம். "பனிக்குக் கார் ஓடுறது எனக்குப் பழகின விசயம். டிக்கியில பாரம் ஏத்தினால் சில்லு ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்."

வானிலை அறிவிப்பைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமையே கடையிலிருந்து மூன்று மூடை அரிசி கொண்டுவந்து வைத்திருந்தார். இருபது கிலோ மூடைகள். மூன்றையும் சிவரூபினியின் சின்னக் காரின் டிக்கியில் அடுக்கினார். நோர்வேயில் மணல் மூடை, லண்டனில் பாசுமதி, அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அவர் கணக்கு. குலுங்கக்கூடாதென்று சிவரூபினியைப் பின்சீட்டில் ஏற்றினார். மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் அவள் மடியில் ஒரு போத்தல் தண்ணீரும் இருந்தது.

அவர்கள் இருந்த தெரு ஒரு மேட்டின் அடியில் முடிகிற முட்டுச்சந்து. மேலே ஏறினால் பெரிய ரோடு, அதற்குப் பனி உருக உப்புப் போட்டாயிற்று. நடுவில் இருக்கிற இருநூறு மீற்றர் ஏற்றம்தான் வில்லங்கம்.

கார் கால்வாசி ஏறியது. பிறகு சில்லு உறுமிச் சுழன்றது. பிறகு, ஏறின வழியே மெல்லப் பின்னுக்கு வழுக்கி வந்து கமலாம்பிகையின் குப்பைத்தொட்டியில் இடித்து நின்றது. இரண்டாம் முறை இன்னும் வேகமாக மிதித்தார். இன்னும் கெதியாக வழுக்கியது. மூன்றாம் முறை அவர் நோர்வேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மணி பத்தே முக்கால்.

"இஞ்சேருங்கோ, எந்தச் சில்லு சுத்துது?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் சிவரூபினி.

"முன்சில்லு."

"பாரம் எங்க ஏத்தியிருக்கிறியள்?"

யோகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. நோர்வேயில் அவர் ஓடிய பழைய கார் பின்சில்லால் தள்ளுகிற கார். இது முன்சில்லால் இழுக்கிற கார். அறுபது கிலோ அரிசியையும் பெண்சாதியையும் பின்னால் ஏற்றி, இழுக்கிற சில்லைத் தன் கையாலேயே நிலத்திலிருந்து தூக்கிவிட்டிருக்கிறார். காது மடல் சுட்டது. இந்த நேரத்தில் வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் தெரிந்தது.

"பிழை விட்டுட்டன், ரூபி" என்றார். ஒன்பது வருடத்தில் கார் சம்பந்தமாக அவர் சொன்ன முதல் மன்னிப்பு அது. "திருப்பிப்போட்டு ரிவேர்ஸில ஏறவேணும். மூக்கு பள்ளத்தைப் பாத்து நிண்டால் பாரம் எல்லாம் முன்சில்லுக்கு வரும். ஆனால் இடையில நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டினால் திரும்ப வழுக்கும். மேல வாகனம் வராமல் ஆரும் மறிச்சால்தான் ஏலும்."

தெருவில் ஆள் இல்லை. ஒரேயொரு யன்னலில் மட்டும் திரை விலகியிருந்தது. கமலாம்பிகை கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தார்.

"இந்தச் சினோவுக்குள்ள எங்க தம்பி?"

"பல்லு டொக்டரிட்டை, அக்கா."

"அவ்வளவு குத்தோ?"

யோகலிங்கம் பொய்யை இன்னும் கொஞ்சம் இழுக்கப் பார்த்தார். அதற்குள் சிவரூபினி காரிலிருந்து இறங்கிவிட்டாள்.

"பல்லில்லை அக்கா. எங்கடை பிள்ளை ஆஸ்பத்திரியில கண்ணாடித் தட்டுக்குள்ள இருக்குது. இண்டைக்கு எனக்குள்ள வைக்கவேணும். பன்னிரண்டரைக்குள்ள போகாட்டி இல்லை."

கமலாம்பிகை ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அதிசயம். உள்ளே போனவர், செத்துப்போன புருஷனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் வாசல் கால்மிதிகள் இரண்டும் மறு கையில் சிவப்புச் சால்வையுமாக வந்தார். கால்மிதிகளை யோகலிங்கத்திடம் கொடுத்துவிட்டு மதிலைப் பிடித்துப் பிடித்து மேட்டில் ஏறினார்.

யோகலிங்கம் அரிசி மூடைகளை இறக்கி மதிலோரம் போட்டார். காரைத் திருப்பினார். முன்சில்லடியில் பனியை வழித்துக் கால்மிதிகளைச் செருகினார். சிவரூபினியை முன்சீட்டில் இருத்தினார். மேலே பெரிய ரோட்டின் நடுவில் கமலாம்பிகை சால்வையை விரித்துப் பிடித்து நின்றார். வந்த தபால் வான் ஒன்று அவரைக் கண்டு அடங்கி நின்றது.

கார் பின்பக்கமாக ஏறத் தொடங்கியது. கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி, பெடலுக்கு அடியில் முட்டை இருப்பதுபோல மிதித்தார். ஒரு இடத்தில் சில்லு உறுமியது. காலை எடுக்காமல், அழுத்தாமல், அப்படியே வைத்திருந்தார். சிவரூபினி அவருடைய சட்டையைப் பிடித்திருந்தாள். சில்லு பிடித்தது. தபால் வானுக்கு முன்னால் கார் பின்பக்கமாகவே பெரிய ரோட்டில் ஏறியபோது யோகலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் அவர் காரை நிப்பாட்டவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி. கருவை வைக்கப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்கள். தங்குமா என்று இரண்டு கிழமையில்தான் தெரியும் என்றார்கள். இருவரும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்குத் தெருமுனைக்குத் திரும்பி வந்தபோது, ஏற்றத்தில் இரண்டு சில்லு போகிற அகலத்துக்குக் கறுப்பாக ரோடு தெரிந்தது. கமலாம்பிகையின் வாசலில் வெறுமையான சமையல் உப்புப் பைக்கற்றுகள் கிடந்தன. இருபதாவது இருக்கும். நாவூறுக்குப் பயந்து யாருக்கு ஒளித்தார்களோ, அந்த மனுஷி வீட்டு உப்பையெல்லாம் இவர்கள் வழியில் கொட்டிவைத்திருந்தார். அரிசி மூடைகளும் நனையாமல் அவர் வாசலுக்குள் இருந்தன.

யோகலிங்கம் முதலாம் கியரில், பிரேக்கைத் தொடாமல், ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார். கமலாம்பிகை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, நோர்வேக்காரன் இவ்வளவு மெதுவா வாறியள்? நடந்து வந்திருந்தாலும் கெதியா வந்திருக்கலாம்."

"இப்ப காருக்குள்ள ஒராள் கூடுதல், அக்கா" என்றார் யோகலிங்கம்.

கமலாம்பிகை முகத்தைத் திருப்பிச் சால்வையால் துடைத்துக்கொண்டார். பிறகு காரின் கதவைத் திறந்து சிவரூபினிக்குக் கை கொடுத்தார்.

"மெல்ல இறங்கு பிள்ளை. கல்யாணி மூண்டு தரம் போன் எடுத்தவ, எங்க போயிட்டினம் எண்டு. பல்லு டொக்டரிட்டை எண்டு சொல்லிப்போட்டன்."