கயிற்றை இறக்கிய விதவை

மீசையை எடுக்க மனசு வராமல், மீசையோடேயே லிசார்டோ விதவையானான். டிசம்பர் கடைசி நாளில் அந்த மலைச்சாலையில் இது யாருக்கும் புதிதில்லை. மரத்தூள் அடைத்த பொம்மையைப் பழைய வருஷம் என்று நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார்கள். இரவில் அதற்குக் கொள்ளி. அதன் பெண்டாட்டிகளாக வேஷம் கட்டிய ஆண்கள் சாலைக்குக் குறுக்கே கயிறு பிடித்து, வண்டிகளை மறித்து ஒப்பாரி வைப்பார்கள். சில்லறை விழுந்தால் கயிறு இறங்கும்.

பாவாடை இரவல். கறுப்புச் சால்வை அக்கா சோய்லாவுடையது, அம்மா சாவுக்குப் போர்த்தியது. காலையில் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கிழிச்சேன்னா தொலைச்சிடுவேன்டா."

"உனக்கு இப்ப எதுக்குக்கா இது?"

"எதுக்கும் வேணாம். ஆனா பத்திரமாத் திரும்பி வரணும்."

அவள் புருஷன் எஃப்ரைன் அப்போதே கரும்புச் சாராயத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். "உங்கக்காவை விட நீதான் மாப்ள லட்சணம்" என்று சிரித்தான். நல்ல மனுஷன். குடிக்காத நாளில் ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்க மாட்டான். பண்டிகை நாளில் அவன் குடிக்காமல் இருந்ததில்லை, அதுதான் வினை.

வெயில் சாயும் நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்டா. பட்டாசு வாங்கணுமாம். நேரா நிக்கக்கூட முடியல அவரால. நீ கயிறு பிடிக்கற வளைவைத் தாண்டித்தான் போகணும். சாவியைப் பிடுங்கி வச்சுக்கோ. என்ன ஆனாலும் கயிறை இறக்காதே."

"நான் பாத்துக்கறேன்கா. நீ அழாதே."

சொன்னபடியே எஃப்ரைனின் நீல வண்டியை மறித்தான். எஃப்ரைன் சில்லறையை அள்ளி வீசினான். லிசார்டோ ஜன்னலுக்குள் கையை விட்டான்.

"மச்சான், இறங்குங்க. சாவியைக் கொடுங்க."

"பாருங்கய்யா, புருஷன் இன்னும் எரியக்கூட இல்ல, அதுக்குள்ள என் வண்டிச் சாவி கேக்கறா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"விளையாட்டு இல்ல மச்சான். அக்கா அங்க அழுதுட்டிருக்கா."

"அழறதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்?"

லிசார்டோவுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. மஸ்காரா கன்னத்தில் வழிந்தது. அதைப் பார்த்து ஒருவன் கைதட்டினான். கெஞ்சக் கெஞ்சச் சிரிப்புதான் கூடியது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கயிற்றின் மறுமுனையில் நின்ற பத்ரீசியோ, "போதும்டா, காசு போட்டாச்சு, விடு" என்று கத்தினான். எல்லார் கண்ணும் லிசார்டோ மேல். பண்டிகையும் அதுவுமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நாளைக்கு ஊரே பேசும்.

அவனும் சிரித்துவிட்டான்.

"பாத்துப் போங்க மச்சான்" என்று சொல்லிக் கயிற்றை இறக்கினான். குடித்தவனிடம் பார்த்துப் போ என்கிறோமே, அதைவிட வெட்கங்கெட்ட பேச்சு உலகத்தில் உண்டா?

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஏறி வந்த பஸ், கயிற்றுக்கு முன்னாலேயே நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"பாலத்துக்கிட்ட ஒரு நீல வண்டி..."

லிசார்டோ பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். வழியெல்லாம் வேறு வேறு விதவைகள், வேறு வேறு கயிறுகள். வாய்விட்டு அழுதபடி ஓடுகிறவனைப் பார்த்து, "இவதான்டா அசல் பெண்டாட்டி" என்று விசிலடித்தார்கள். ஒரு காரிலிருந்து சில்லறை வந்து அவன் காலடியில் விழுந்தது.

பாலத்தடியில் எஃப்ரைனை யாரோ கம்பளியால் மூடியிருந்தார்கள். லிசார்டோ பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் சோய்லா வந்து இறங்கினாள். கம்பளியை விலக்கிப் பார்த்தாள், மூடினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"உன்கிட்ட நின்னாராடா?"

"நின்னார்க்கா."

"அப்புறம்?"

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலை. குனிந்து அவன் தோளிலிருந்த சால்வையை உருவினாள். அதில் ஒட்டியிருந்த வண்ணக் காகிதத் துணுக்குகளை உதறிவிட்டுத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"கிழியாம பத்திரமாத்தான் கொண்டாந்திருக்கே" என்றாள்.