லிஃப்ட் வாசலில் ஐந்து கைகள்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் லிஃப்டுக்கு நேரெதிரே இருப்பது என் வீட்டுக் கதவு. காற்றுக்காகத்தான் திறந்து வைக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம். யார் எப்போது வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நாலாம் மாடி டீச்சர் விடுமுறையில் கட்டடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு பாடம் நடத்தினார். யாராவது சீண்டினால் கையை உயர்த்தி, "நிறுத்து, எனக்குப் பிடிக்கல" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் அப்படியே நிற்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பெரியவர்களெல்லாம் கைதட்டினோம். பல் டாக்டர் வீட்டம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரி, திருகினால் வரும்.

டீச்சரின் மகளுக்கு ஏழு வயது, வாயில்லாப் பூச்சி. அவள் பள்ளியிலிருந்து வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மா வேலையிலிருந்து திரும்புவார். அதற்குள் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் லிஃப்டில் ஏறுவார்கள். இவள் காலை எடுத்து வைத்ததும் உள்ளே ஐந்து கைகள் உயரும். "நிறுத்து, எனக்குப் பிடிக்கல." ஐந்து குரலும் ஒரே தாளத்தில். இவள் நிற்பாள். கதவு மூடும். பையைச் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறுவாள்.

பாடம் பிள்ளைகள் மனதில் எப்படிப் பதிந்திருக்கிறது பாருங்கள் என்று டாக்டர் வீட்டம்மா பூரித்தார். நானும் ஆமாம் போட்டேன்.

ஒருநாள் பொழுது போகாமல், ஏன் கண்ணு படியேறுகிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"அவங்களுக்குப் பிடிக்கலயாம். சொன்னா நிக்கணும், ஆன்ட்டி."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

கேள்வி புரியாதவள் போலப் பார்த்தாள். அழவில்லை. பைவாரைச் சரிசெய்துகொண்டு ஏறினாள்.

கையில் சேதி இருந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது. டீச்சர் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் போனேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவில்லை, சிவப்புப் பேனாவை மட்டும் மூடினார். சேதியின் ருசி என் நாக்கிலேயே செத்துப்போனது.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு லிஃப்ட் வாசலில் நின்றார். பழக்கத்தில் உயர்ந்த கைகள் அவரைக் கண்டதும் பாதியில் நின்றன. திட்டவில்லை. எது பிடிக்கவில்லை என்று டாக்டர் மகனைக் கேட்டார். அவன் நிஜமாகவே யோசித்தான்.

"எதுவும் இல்ல, மிஸ். சொன்னா இவ மட்டும்தான் நிக்கிறா."

டீச்சர் மகள் பக்கம் குனிந்தார்.

"அந்த ரூல் சீண்டறவங்களுக்கு. உன்னைத் தள்ளி வைக்கறதுக்கு இல்ல. இனிமே நிக்காதே, ஏறு."

ஏறினாள். சொன்னால் நிற்கிற பிள்ளை, சொன்னால் ஏறவும் செய்கிறது. ஐந்து பேரும் ஒதுங்கி இடம்விட்டார்கள். அவள் சுவரைப் பார்த்து நின்றாள். கதவு மூடியது.

"எத்தனை நாளா பாக்கறீங்க?" டீச்சர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ரெண்டு மாசம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, நாலாம் எண் எரிகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.