கழுவிய பஞ்சு

கழுவுவது என்று இறங்கிவிட்டால் தாட்சாயணிக்குக் கண்மண் தெரியாது. மகனுடைய வருஷத் தெவசம் வருகிறது, விஜயபுரத்திலிருந்து சொந்தபந்தமெல்லாம் சித்தூருக்குக் கிளம்பி வரும், வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். சரி, கழுவட்டும். தரையைக் கழுவினாள், சன்னல் கம்பியைக் கழுவினாள், சாமி படங்களைத் துடைத்தாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம் இல்லையா? கூடத்து மூலையில் இருந்த மீன் தொட்டியிலும் கையை வைத்தாள்.

அது தமிழ்ச்செல்வனின் தொட்டி. பாகாலா ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு திருப்பத்தில் அவன் பைக் லாரியில் மோதி வருஷம் ஒன்றாகிறது. துணிமணியை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. நசுங்கிய பைக்கை இரும்புக் கடைக்காரன் தூக்கிக்கொண்டு போனான். அவன் போனைத் திறக்கிற நம்பர் ஒருவருக்கும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது அந்தத் தொட்டியும், அதில் ஒரே ஒரு ஆஸ்கர் மீனும்தான். உள்ளங்கையைவிடப் பெரிய மீன், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள். செல்வன் அதைத் ‘தொர’ என்பான். “தொரைக்கு இன்னும் சாப்பாடு ஆவலியாமே” என்று கேட்டுக்கொண்டேதான் வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழைவான். அவன் செருப்பைக் கழற்றும்போதே அது கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். விரலை நீட்டினால் மேலே வந்து முட்டும்.

அவன் போன பிறகு அது தாட்சாயணியின் விரலுக்கு வர ஆரம்பித்தது. முதல் தடவை வந்து முட்டியபோது சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். தானும் புருஷன் திருமலையும் போக, செல்வனை அறிந்த உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதற்கு ஏதாவது ஆனால் பிள்ளையை இரண்டாவது முறை தூக்கிக் கொடுத்ததாகிவிடும் என்ற பயம் வருஷம் முழுக்க அவள் வயிற்றில் கிடந்தது. அந்தப் பயத்திலேயே அதைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள்.

தீனி விஷயத்தில் செல்வன் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். “ம்மா, அது எப்பவும் வாயத் தூக்கினுதான் கெடக்கும். பசின்னுதான் சொல்லும். நம்பாத. கொஞ்சமா போடு, போதும்” என்பான். அவளும் ஒரு சிட்டிகைக்கு மேல் போட மாட்டாள். தொட்டிக்குள் ஓடும் மோட்டாரின் அடியில் நீரை வடிகட்டும் பஞ்சு ஒன்று இருந்தது. அதைத் தொடவே மாட்டாள். செல்வன் இருந்தவரை அதை எடுத்து, தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் மொண்டு, அதில் லேசாகப் பிழிந்துவிட்டுத் திரும்ப மாட்டுவான். “இன்னாடா, சாக்கட மாதிரி கீது, சோப்பு போட்டு அலசனா ஆவாதா?” என்று அவள் ஒரு நாள் கேட்டாள். “அதும் மேல கை வெக்காதமா. அது அப்படித்தான் இருக்கணும்” என்றான். ஏன் என்று இவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், பாவி.

தெவசத்தன்று செத்தவன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவான், ஒரு மூலையிலும் அழுக்கு இருக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. வருகிறவன் முதலில் எங்கே போவான்? தொட்டிக்குத்தான் போவான். அதுவா பாசி பிடித்துக் கிடப்பது? தாட்சாயணி மீனைப் பக்கெட்டில் எடுத்து வைத்தாள். தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டினாள். கண்ணாடியைத் தேய்த்தாள். பழுப்பேறிக் குழகுழவென்று இருந்த பஞ்சை ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, குழாயடியில் கசக்கிக் கசக்கிப் பிழிந்து, மாடிக் கொடியில் காயப் போட்டாள். காய்ந்ததும் அது கடையில் வாங்கிய நாளில் இருந்த நீல நிறத்துக்கே வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “பாருடா செல்வா, எப்படிக் கீது பாரு” என்று தனியாக நின்று சொன்னாள். பிறகு அதைத் தொட்டியில் மாட்டி, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விட்டாள்.

தெவசத்தன்று படையல் போட்டு, மாடியில் சோறு வைத்தார்கள். காக்கா வரவில்லை. கூப்பிட்டார்கள், வரவில்லை. இலையை இடம் மாற்றி வைத்தார்கள், வடையைப் பிட்டுப் போட்டார்கள். எதிர் வீட்டு டேங்க் மேல் உட்கார்ந்திருந்த காக்காகூட எழுந்து போய்விட்டது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளை என்ன மனக்குறையில் இருக்கிறானோ என்று திருமலையின் அக்கா பாப்பாத்தி மூக்கைச் சிந்தினாள்.

பாப்பாத்திதான் கீழே வந்ததும் தொட்டியைப் பார்த்தாள். மீன் கண்ணாடியோடு ஒட்டி நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

“இங்க பாருங்கடி, எப்படிக் கேக்குதுன்னு. செல்வா வளத்த மீனு. காக்கா துன்னலன்னா இன்னா, இது துன்னா அவன் துன்ன மாதிரிதான்” என்றாள்.

படையல் சோற்றில் ஒரு சின்ன உருண்டையைப் போட்டாள். மீன் பாய்ந்து வந்து விழுங்கியது. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடிய கைகளாயிற்றே, ஆளாளுக்குப் போட்டார்கள். வடை, சோறு, டப்பாவில் இருந்த தீனி. “கொஞ்சமா போடு” என்றவன் குரல் தாட்சாயணியின் காதில் கேட்காமல் இல்லை. கேட்டது. ஆனால் அவன் சாப்பிடுகிறான் என்று சொல்லும்போது எந்தத் தாய் போதும் என்பாள்? எல்லோரையும்விட அவள்தான் அதிகமாகப் போட்டாள்.

மறுநாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராட்டம் வெளுத்தது. அதற்கடுத்த நாள் மீன் மேலே வந்து வாயைத் தூக்கிக்கொண்டு நின்றது. பசியென்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டாள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது தின்னவில்லை. விரலை நீட்டினாள், வரவில்லை. செவுள் சிவந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. உள்ளூர்க் கடைக்காரன் ஒரு நீல மருந்தைக் கொடுத்தனுப்பினான். அதை ஊற்றியதில் தண்ணீர் நீலமானது, வேறு ஒன்றும் ஆகவில்லை.

செல்வன் எதற்கெடுத்தாலும் திருப்பதியில் சீனு என்பவரின் மீன் கடைக்குத்தான் ஓடுவான். கோவிந்தராஜ சாமி கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் கடை. ஒரு தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். தாட்சாயணி பெயிண்ட் பக்கெட்டைக் கழுவி எடுத்தாள்.

“புள்ளயே போயிட்டான். மீனத் தூக்கினு பஸ் ஏறப் போறியா?” என்றார் திருமலை. மாம்பழ சீசன், பழக்கூழ் ஃபேக்டரியில் அவருக்கு லீவு கிடையாது.

அவள் மீனை இரண்டு கையாலும் ஏந்திப் பக்கெட்டில் விட்டாள். அது துள்ளவில்லை. அதைப் பார்த்ததும் திருமலை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். அவளைச் சன்னல் பக்கம் உட்கார வைத்து, பக்கெட்டை அவள் காலிடுக்கில் வைத்துவிட்டு, “போன்ல சொல்லு” என்று மட்டும் சொன்னார்.

கரண்டு போனால் போட என்று செல்வன் வாங்கி வைத்திருந்த, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டாரை அவள் பக்கெட்டில் மாட்டியிருந்தாள். குமிழி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் சிந்தும், மூடி போடு என்று கண்டக்டர் தெலுங்கில் அதட்டினார். மூடினால் செத்துவிடும் அண்ணா என்று அவளும் தெலுங்கிலேயே கெஞ்சினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் போனார்.

பூதலப்பட்டு தாண்டியதும் மோட்டாரின் சத்தம் இளைத்தது. குமிழி ஒன்றிரண்டாக வந்து நின்றுபோனது. வருஷமாகக் கிடந்த பேட்டரி, மாற்ற வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பஸ் நடுவழியில் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே போய் வாங்குவாள்? தண்ணீர் பாட்டிலின் மூடியை எடுத்தாள், அதனால் மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்றினாள். மூடி சின்னது. பக்கத்தில் இருந்த பெண் தன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். தாட்சாயணி டம்ளரில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள். மொண்டாள், ஊற்றினாள். புடவை நனைந்தது, தோள்பட்டை விட்டுப்போனது. “இருடா, வந்துட்டோம். இருடா தொர, இருடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு முறை ‘செல்வா’ என்றும் வந்துவிட்டது.

பாகாலா கேட் வந்தால் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அந்தத் திருப்பத்தைப் பார்க்க மாட்டாள். அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தபோது சந்திரகிரிக் கோட்டை மலை தெரிந்தது. கேட்டும் திருப்பமும் எப்போதோ போயிருந்தன. குனிந்தாள். மீனின் வாய் திறந்தபடி இருந்தது, மூடவில்லை. டம்ளரால் ஊற்றினாள். தண்ணீர் விழுந்த வேகத்தில் அது அசைந்தது, அவ்வளவுதான். பக்கத்துப் பெண், “அம்மா, போதும்மா” என்று கையைப் பிடித்தாள். தாட்சாயணி கையை உதறிக்கொண்டு, திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரை ஊற்றிக்கொண்டே வந்தாள்.

சீனு பக்கெட்டைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் முகம் அவருக்கு நினைவிருந்தது. செல்வன் போன செய்தியும் தெரிந்திருந்தது.

“இன்னாம்மா பண்ணீங்க?”

சொன்னாள். தெவசம், காக்கா, சோறு, வடை எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்து, “பஞ்ச இன்னா பண்ணீங்க?” என்றார்.

“கழுவனேன் சாமி. ப்ளீச்சிங் போட்டு. புதுசாட்டம் ஆயிடுச்சி.”

சீனு கண்ணை மூடித் திறந்தார். “அது அழுக்கில்லமா. மீனோட கழிவு, மிச்சத் தீனி எல்லாம் தண்ணியில விஷமாவும். அந்த விஷத்தத் துன்னுற கிருமிங்க அந்தப் பஞ்சுலதான் குடித்தனம் பண்ணும். நல்ல கிருமி. கண்ணுக்குத் தெரியாது. புடிச்சி நிக்க மாசக்கணக்காவும். செல்வா அத வருஷக்கணக்கா வளத்து வெச்சிருந்தான்.”

“அப்ப நான்தான் கொன்னேனா?”

சீனு இல்லை என்று சொல்லியிருக்கலாம். மனுஷனுக்குப் பொய் வரவில்லை. “தெரியாம பண்ணீங்க” என்றார்.

தாட்சாயணி மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, பக்கெட்டின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிள்ளை விட்டுப்போனது மீன் மட்டும்தான் என்று இருந்தாளே. வருஷக்கணக்காக அவன் கை வளர்த்த இன்னொன்றும் அதே தொட்டியில் உயிரோடு இருந்திருக்கிறது. அதை அவள் கையாலேயே கசக்கிப் பிழிந்து சாக்கடையில் விட்டாள், விட்டுவிட்டு அவனிடமே பெருமையும் பேசினாள். இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவது? திருமலைக்கு என்னவென்று போன் செய்வது? பஸ் அந்தத் திருப்பத்தில் போகும்போது கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது அவளுக்கு.

சீனு கடைக்குள் போய் நெடுநேரம் தொட்டிகளுக்கு நடுவே நின்றார். பிறகு திரும்பி வந்து அவள் எதிரே குந்தினார்.

“ம்மா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. முந்தாம் வருஷம் பெரிய மழ. கரண்டு இல்ல, இந்தச் சந்து பூரா சாக்கடத் தண்ணி. என் தொட்டிங்க எல்லாம் நின்னு போச்சி, அத்தனை மீனும் செத்துச்சி, பஞ்செல்லாம் அழுகிப் போச்சி. கடைய மூடிடலாம்னு கீறேன். செல்வா அந்த மழையில சித்தூர்லேர்ந்து பைக்ல வந்தான். அவன் தொட்டிப் பஞ்சுல பாதிய அறுத்து, கவர்ல தண்ணியோட கட்டி, சட்டைக்குள்ள வெச்சிக்கினு வந்தான். ஒவ்வொரு தொட்டியிலயும் பிழிஞ்சி வுட்டான். இங்க ஓடற பஞ்சுல கீற கிருமி மொத்தமும் அதுலேர்ந்து வந்ததுதான்.”

எழுந்து போய் ஒரு தொட்டிக்குள் கையை விட்டு, பழுப்பேறிக் குழகுழவென்று இருந்த ஒரு பஞ்சை எடுத்தார். தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டி அவள் கையில் கொடுத்தார்.

“காய வுடாதீங்க. குழாத் தண்ணிய ஒரு நாள் புடிச்சி வெச்சிட்டு ஊத்துங்க. மோட்டாரு நிக்கக் கூடாது. மீன் இல்லாட்டியும் தெனம் ஒரு சிட்டிக தீனி போடணும். இல்லாட்டி அதுங்க பசியில செத்துடும்.”

தாட்சாயணி கவரை வாங்கி ரவிக்கையோடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மீனைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். நீலத் தண்ணீரை இறைத்தாள். கழுவிய பஞ்சைக் குப்பையில் எறிந்துவிட்டு, டிரம்மில் முன்பே பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, பழுப்புப் பஞ்சை மாட்டி மோட்டாரைப் போட்டாள். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திருமலை பொழுது சாய வந்தார், உடம்பெல்லாம் மாம்பழ வாடையோடு. தாட்சாயணி தீனி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மகன்தான் போனான், இவளுக்குப் புத்தியும் போய்விட்டதா என்று பயந்தார்.

“தாச்சா, அதுல ஒண்ணும் இல்லியே” என்றார், மெதுவாக.

“கீது” என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். தான் கழுவியதை, பஸ்ஸில் ஊற்றியதை, மழையில் அவன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனதை. கடைசியில் சொல்லும்போது அவள் குரல் உடைந்து, பஸ்ஸிலும் கடையிலும் வராத அழுகை வந்தது. திருமலை தரையில் உட்கார்ந்து அந்தப் பழுப்புப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டப்பாவுக்குக் கையை நீட்டினார்.

“எவ்ளோ போடணும்?” என்று கேட்டார்.

“இன்னிக்குப் போட்டாச்சி” என்றாள் தாட்சாயணி. “நாளைக்கி நீ போடு. கொஞ்சமா போடு.”